ஒரு சாண் உயரம்

கார் வாங்கலாம் என்ற பேச்சை முதலில் எடுத்தவள் பிரபாவதி. அன்று காலை மட்டும் மூன்று டாக்சிகள் அவர்களை ஏற்றாமல் போயிருந்தன. டாக்சிகளின் டிக்கியில் பாதி இடத்தை கேஸ் சிலிண்டர் அடைத்துக்கொள்கிறது. மீதி இடத்தில் சக்கர நாற்காலியை மடித்து வைத்தாலும் நுழைவதில்லை. ஒரு டிரைவர் டிக்கியைத் திறந்து காட்டிவிட்டுப் போனான். மற்றவர்கள் அதுகூடச் செய்யவில்லை. செம்பூரில் அவர்கள் குடியிருக்கும் கட்டட வாசலில், வெயிலில், மகன் வேல்ராஜ் நாற்காலியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். யார் முகத்தையும் பார்க்காமலிருக்க அவன் கண்டுபிடித்திருந்த வழி அது.

"நமக்குன்னு ஒரு வண்டி இருந்தா இந்தப் பாடு உண்டுமா?" என்றாள் பிரபாவதி கணவரிடம்.

சுயம்பு அடுத்த டாக்சிக்குக் கை காட்டினார். தாராவியில் அவருக்கு ஜிப், பக்கிள், நூல்கண்டு மொத்த வியாபாரம். பை தைக்கிற பட்டறைக்காரர்கள் அவரிடம்தான் வாங்குவார்கள். சரக்கு ஏற்ற ஒரு டெம்போ வைத்திருந்தார். அதை ஓட்டுவதும் அவர்தான். குடும்பத்துக்குக் கார் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. யாராவது கேட்டால், "ரயில் இருக்கையில காரு எதுக்கு?" என்பார். ஒரு வருடமாக அந்தப் பதிலை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

வேல்ராஜ் ரயிலிலிருந்துதான் விழுந்தான். வாஷியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. சென்ற வருடம், மழைக்கு முன்னால், மான்குர்ட் தாண்டி, கதவோரம் நின்றவன் கூட்டம் நெருக்கியதில் கை நழுவி விழுந்தான். உயிர் தங்கியது. முதுகெலும்பு இடுப்புக்குச் சற்று மேலே நொறுங்கிப்போனது. அதற்குக் கீழே எதுவும் அசையவில்லை. கிள்ளினாலும் சுட்டாலும் தெரியவில்லை. அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவன் அப்பாவிடம் பேசியதெல்லாம் தண்ணீர், மாத்திரை, ஃபேன் இவ்வளவுதான். காரைப் பற்றிப் பேச்சு வந்ததும் அது மாறியது. மறுநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவனாகவே ஆரம்பித்தான்.

"எப்பா, வாங்குனா எலெக்ட்ரிக் வண்டிதான் வாங்கணும்."

"ஏம்லே?"

"சிலிண்டர் கெடையாது. கிளட்சு, கியரு ஒண்ணும் கெடையாது. ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் கையால அழுத்துத மாதிரி ஒரு லீவர் இருக்கு, தனியா போட்டுக் குடுக்காங்க. ஆர்டிஓல அதுக்கு லைசென்சும் குடுப்பாங்க. நான் விசாரிச்சிட்டேன். நம்ம பில்டிங் சொசைட்டிலயே கீழ சார்ஜிங் பாயிண்ட் போட்டிருக்காங்கல்லா?"

"யாரு ஓட்டதுக்கு லைசென்சு?"

"எனக்குத்தான்."

சுயம்பு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிரபாவதி ரசத்தை ஊற்றினாள். அவன் அன்று இரண்டு தட்டுச் சோறு கூடுதலாகத் தின்றது போல அவள் முகம் பூரித்திருந்தது; அவன் வழக்கம்போல அரைத்தட்டுச் சோறுதான் தின்றிருந்தான்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் வீட்டில் இந்தப் பேச்சுதான். அவன் வீடியோக்களாகப் பார்த்தான். ஒரு தடவை சார்ஜ் செய்தால் எவ்வளவு ஓடும், மழைத் தண்ணீர் பேட்டரியில் இறங்குமா, டிக்கி எத்தனை அகலம் என்று அப்பாவுக்குச் சொல்வான். சுயம்பு கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து கேட்பார். கடைசியில் இரண்டு வண்டிகளில் வந்து நின்றது. ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே பேட்டரி. ஒன்று தாழ்ந்த செடான், ஒன்று உயரமான எஸ்யூவி.

பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷோரூம் தேவ்நார் பக்கம். டாக்சிக்கு அலையாமல், கடை டெம்போவின் பின்னால் நாற்காலியோடு அவனை ஏற்றி, கயிற்றால் கட்டி, கடையில் வேலை பார்க்கும் இசக்கி பக்கத்தில் பிடித்துக்கொள்ள, அப்படித்தான் போனார்கள். சரக்குபோலப் போவதற்கு வேல்ராஜ் ஒருநாளும் சம்மதித்தவனில்லை. அன்று சம்மதித்தான்.

ஷோரூமில் ராஹில் என்ற விற்பனையாளர் வந்தார். வேல்ராஜின் வயதுதான் இருக்கும். சுயம்புவிடம் இந்தியில், "தம்பி பின் சீட்டில் உட்கார்வாரா, முன் சீட்டிலா?" என்று கேட்டார்.

"ஓட்டப்போவதே நான்தான்," என்று வேல்ராஜ் இந்தியில் சொன்னான்.

முதலில் செடான். வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் பரீஹா அவனுக்கு ஒரு வழுவழுப்பான மரப்பலகை கொடுத்திருந்தாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு அதன்மேல் நகர்ந்து மாறுவதற்கு. அதை மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். நாற்காலியைத் திறந்த கதவோரம் சாய்வாக நிறுத்தி பிரேக் போட்டான். நாற்காலியின் கைப்பிடியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தான். பலகையின் ஒரு முனையைத் தொடைக்கு அடியில் செருகினான். மறுமுனை டிரைவர் இருக்கையில் சமமாகப் படிந்தது. நாற்காலியும் இருக்கையும் ஒரே உயரம்.

"யாரும் தொடாதீங்க," என்றான்.

இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி நகர்த்தினான். தலை கதவுச் சட்டத்தில் இடித்தது. நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணுக்குள் போனது. துடைக்கக் கை ஒழிவில்லை. கடைசியில் உடம்பு உள்ளே போய்ச் சேர்ந்தது. கால்கள் மட்டும் வெளியே கிடந்தன. பேண்டைப் பிடித்து ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே வைத்தான். கதவை இழுத்துச் சாத்தினான். கண்ணாடிக்கு அப்பால் அவன் சிரிப்பது தெரிந்தது. விழுந்த நாளிலிருந்து அவன் அப்படிச் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை. ராஹில் கைதட்ட ஆரம்பித்து, தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் நிறுத்திவிட்டார்.

அடுத்தது எஸ்யூவி. அதன் இருக்கை ஒரு சாண் உயரம் கூடுதல். பலகை சறுக்குமரம்போலச் சாய்ந்து நின்றது. வேல்ராஜ் ஏற முயன்று திரும்பவும் நாற்காலிக்கே சறுக்கினான். இரண்டாம் தடவை பலகையே நழுவி அவன் பக்கவாட்டில் சரிய, இசக்கி தாவிப் பிடித்தான்.

"விடுலே," என்று சுயம்பு முன்னால் வந்தார். மகனின் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கி இருக்கையில் உட்கார்த்தினார். வருடக்கணக்காக நூல் மூட்டை தூக்கிய உடம்பு. மூச்சுகூட வாங்கவில்லை. "இவ்வளவுதான? நான் இருக்கேம்லா. எனக்கு என்ன பாரம்?"

வேல்ராஜ் மேலே உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். "எறக்குங்க," என்றான்.

வீட்டுக்கு வந்ததும் செடான் என்று அவன் முடிவாகச் சொல்லிவிட்டான். பிரபாவதியும் அதையே சொன்னாள். சுயம்பு மழையைச் சொன்னார். ஜூலையில் சயானிலும் குர்லாவிலும் தண்ணீர் நிற்கும்போது தாழ்ந்த வண்டிகள் செத்த மாடுமாதிரி கிடப்பதை அவர் வருடா வருடம் பார்க்கிறார். ராஹிலைக் கேட்டால் இரண்டு வண்டியும் தண்ணீரில் போகும் என்பார், அவர் விற்கிறவர். நாற்காலியை மடிக்காமல் வைக்கிற அளவுக்கு எஸ்யூவியில் டிக்கி இருக்கிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் மனதில் இருந்தது அது எதுவும் இல்லை.

கார் பேச்சு வருவதற்கு முன்னால், மாசி மாதத்தில் ஒருநாள் மதியம், மறந்துவிட்ட சாவிக்காக சுயம்பு கடையிலிருந்து வீட்டுக்கு வந்தார். பிரபாவதி உள்ளறையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பால்கனிக் கதவு திறந்திருந்தது. வேல்ராஜ் நாற்காலியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, மார்புவரை தன்னை மேலே இழுத்து, கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் வீடு நாலாவது மாடி. அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் மெல்ல நாற்காலியில் இறங்கி உட்கார்ந்தான்.

"பசங்க கிரிக்கெட் ஆடுதானுவ," என்றான்.

கீழே யாரும் ஆடவில்லை. சுயம்பு பால்கனிக் கதவைச் சாத்தித் தாழிட்டார். அந்த வாரமே ஆளைக் கூட்டிவந்து பால்கனியைத் தரையிலிருந்து கூரைவரை இரும்புக் கிரில் போட்டு அடைத்தார். புறாத் தொல்லை என்று எல்லாரிடமும் சொன்னார்.

இப்போது மகன் தனியாக ஏறி, தனியாகக் கதவைச் சாத்தி, தனியாக ஓட்டிப்போகக்கூடிய ஒரு வண்டியைக் கேட்கிறான். கடல்கழிமேல் வாஷி பாலம் இருக்கிறது. டிராம்பே பக்கம் ஆளில்லாத ரோடுகள் இருக்கின்றன. கடையில் பக்கிள் எண்ணும்போதும் சுயம்புவுக்கு இதே நினைப்புதான். தான் தூக்கி வைத்தால்தான் ஏற முடியும் என்றால், தன்னை விட்டு எங்கே போவான்? அவர் ஒருவரிடமும் சொல்லாமல் தேவ்நாருக்குப் போய் எஸ்யூவிக்கு முன்பணம் கட்டினார்.

வண்டி வைகாசியில் வந்தது. மாலை போட்டு, பொட்டு வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கட்டடத்தின் கீழே நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தடவிப் பார்த்தார்கள். லிஃப்டிலிருந்து வெளியே வந்த வேல்ராஜ் பாதி வழியில் நாற்காலியை நிறுத்தினான்.

"என்னப்பா இது?"

"மழைக்கு இதாம்லே தோது. சயான்ல தண்ணி நின்னுச்சின்னு வையி..."

வேல்ராஜ் வண்டியைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"புறாவுக்குத்தான் கிரில் போட்டிய. மழைக்குத்தான் பெரிய வண்டி எடுத்திருக்கிய. அப்படித்தான?"

சுயம்புவின் கையில் தேங்காய் இருந்தது. அதை உடைக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"சாகணும்னா அதுக்குக் காரு எதுக்குப்பா?" என்றான் அவன், தணிந்த குரலில், பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்காதபடி. "வீட்டுக்குள்ள இருந்தே சாவலாம்லா." நாற்காலியைத் திருப்பிக்கொண்டு லிஃப்டுக்குப் போனான்.

அன்று ராத்திரி பிரபாவதி கணவரிடம், "அவன் கேட்டத வாங்கிக் குடுத்திருக்கலாம்லா?" என்றாள்.

"அவன் எங்கயாவது போயி..."

"எனக்குத் தெரியாதா? நீங்க பாத்தது ஒருநா. நான் அதுக்கப்பறம் பகல்ல கண்ண மூடுனதே இல்ல. ஒங்களுக்குப் பயம்னா எனக்குப் பயம் இல்லியா? அவன் ஷோரூம்ல சிரிச்சத நீங்க பாக்கலியா?"

சுயம்பு திரும்பிப் படுத்தார். வேல்ராஜ் அந்த வண்டியில் ஏறவே இல்லை. பரீஹா வந்தால் தலை வலிக்கிறது என்று திருப்பி அனுப்பினான். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளும் வருவதை நிறுத்தினாள். காலையிலிருந்து ராத்திரிவரை நாற்காலியிலேயே இருந்தான். கையை ஊன்றி அவ்வப்போது உடம்பைத் தூக்கிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உணர்ச்சியில்லாத சதை நசுங்கிப் புண்ணாகிவிடும் என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவன் அதைச் செய்யவில்லை. குளிக்கும்போது அம்மா உள்ளே வரக்கூடாது என்று கதவைத் தாழிட்டுக்கொண்டான். வண்டி கீழே நின்றது. சுயம்பு வாரம் ஒருமுறை சார்ஜ் போட்டுத் துடைத்துவிட்டு, டெம்போவிலேயே கடைக்குப் போனார்.

ஜூலையில் மழை விடாமல் பெய்தது. ஒருநாள் மதியம் பிரபாவதி கடைக்குப் போன் செய்தாள். "உடனே வாங்க. ஒடம்பு தீயாக் கொதிக்கி. என்னமோ ஒளறுதான்."

சுயம்பு நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். கட்டிலில் வேல்ராஜுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அறையில் ஒரு வாடை. பிரபாவதி அவனைப் புரட்டி, பின்பக்கத் துணியை விலக்கிக் காட்டினாள். உட்காரும் இடத்தில், ஒரு எலுமிச்சம்பழம் நுழைகிற குழி. ஓரமெல்லாம் கறுத்திருந்தது.

"துணியில கறைய நான் பாத்துறக் கூடாதுன்னு அவனே அலசிப் போட்டிருக்கான்," என்றாள். அவள் அழவில்லை, குரல் மட்டும் வேறு யாருடையதோ போலிருந்தது.

ஆம்புலன்ஸ் குர்லாவில் மாட்டிக்கொண்டு நிற்பதாகச் சொன்னார்கள். சுயம்புவும் காவலாளியும் அவனைத் தூக்கி அந்த உயரமான வண்டியின் பின் இருக்கையில் பக்கவாட்டில் படுக்க வைத்தார்கள். பிரபாவதி தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வேல்ராஜ் அந்த வண்டியில் ஏறியது அதுதான் முதல் தடவை. அவனுக்கு அது தெரியாது.

சயானுக்கு முன்னால் ரோடு முழுக்கத் தண்ணீர். ஆட்டோக்கள் நின்றுவிட்டன. ஒரு வெள்ளைச் செடான் கதவுப்பிடிவரை முங்கிக் கிடக்க, அதன் ஆட்கள் டிவைடர்மேல் ஏறி நின்றிருந்தார்கள். சுயம்பு மெதுவாக இறக்கினார். தண்ணீர் இரண்டு பக்கமும் விலகியது. வண்டி நிற்கவில்லை, திணறவில்லை. கரையேறியதும் அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"பாத்தியா, அந்த வண்டிய எடுத்திருந்தா இன்னைக்கு..."

"வாய மூடுங்க," என்றாள் பிரபாவதி.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அவரை அப்படிப் பேசியதில்லை. வைப்பர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் ஓட்டினார்.

புண் எலும்புவரை போயிருந்தது. விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் கொண்டுவந்தும் பயனிருந்திருக்காது என்றார் டாக்டர். கறுத்த சதையை வெட்டி எடுத்தார்கள். ஐந்தாறு நாள் பிழைப்பானா என்றே சொல்லவில்லை. பிறகு காய்ச்சல் இறங்கியது. இன்னொரு ஆபரேஷன் செய்து, தொடைச் சதையைத் திருப்பி வைத்துக் குழியை மூடினார்கள். வாரக்கணக்கில் குப்புறத்தான் படுக்க வேண்டும் என்றார்கள்.

பகலில் பிரபாவதி, சாயங்காலம் சுயம்பு என்று மாற்றி மாற்றி இருந்தார்கள். குப்புறப் படுத்திருப்பவனிடம் ஸ்டூலில் உட்கார்ந்து பேசினால் முகம் தெரியாது. சுயம்பு தரையில், கட்டில் காலில் சாய்ந்து உட்காருவார். அப்போது இருவர் தலையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். ஒருநாள் வேல்ராஜ் கேட்டான்.

"எப்பா, அன்னைக்கு பால்கனில என்ன நெனச்சிய?"

சுயம்பு தரையைப் பார்த்தார். "நீ சொல்லுலே."

"நீங்க நெனச்சது சரிதான்."

வார்டில் யாரோ இருமினார்கள். சுயம்பு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கீழ பாத்தேன். பயமாயிட்டு. அதுக்கப்பறமும் நெனப்பு வரும், தெனமும் வரும். கார் பேச்சு வந்ததுக்கப்பறம் வரல. ராத்திரி படுத்தா அந்த லீவர எங்க போடணும், எந்த ரோட்ல போகணும், இதான் ஓடும். அந்தக் கெரகம் ஓடல." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "பெறகு நீங்க அந்த வண்டியக் கொண்டுவந்து நிப்பாட்டுனிய."

"ஏலே, நான் பயந்துட்டேம்லே..."

"தெரியும்ப்பா. அதத்தான் சொல்லுதேன். பயந்தது சரி. செஞ்சதுதான்..." அவன் முடிக்கவில்லை. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். சுயம்பு எழுந்து வராந்தாவுக்குப் போய், கை கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

மறுவாரம் அவர் எஸ்யூவியைத் தேவ்நாருக்கு ஓட்டிப் போனார். ராஹில் வெளியே வந்து, தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்டார். வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு செடானைக் கொடுக்கச் சொன்னார் சுயம்பு. புது வண்டியாகவே இருந்தாலும் பழைய வண்டி விலைதான் போட முடியும் என்று ராஹில் தயங்கித் தயங்கிச் சொன்னார். சரி என்றார் சுயம்பு. அதற்கு முன் அவர் பேரம் பேசாமல் எதையும் விற்றதில்லை.

ஆனால் சரியான வண்டி வந்தபோது வேல்ராஜால் அதில் தானாக ஏற முடியவில்லை. ஒட்டிய சதை இழுபட்டால் திரும்பவும் பிய்ந்துவிடும். பல மாதத்துக்குப் பலகைமேல் நகரவே கூடாது, அப்படியே தூக்கி அப்படியே இறக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சுயம்புவும் இசக்கியும் அவனைத் தூக்கி, தாழ்ந்த கதவுக்குள் முதுகை வளைத்து, தலை இடிக்காமல் உட்காரவைக்கப் பெரும்பாடு பட்டார்கள். சுயம்புவின் இடுப்பில் ஏதோ சொடுக்கியது. எஸ்யூவியில் வராத வலி அது. அவர் காட்டிக்கொள்ளவில்லை. வேல்ராஜ் கவனித்தான்.

பரீஹா திரும்ப வந்தாள். இந்தியில் அவனை நன்றாகத் திட்டினாள். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தாள். கைகள் குச்சியாகிவிட்டிருந்தன. ஷோரூமில் அன்று செய்ததைத் திரும்பச் செய்ய அடுத்த வருடம் பங்குனி ஆகிவிட்டது. முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. பாதியில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினான். உள்ளே போய்ச் சேர்ந்தபோது அவன் சிரிக்கவில்லை. லீவர் பொருத்தினார்கள். லைசென்சுக்கு நாலு தடவை அலைந்தார்கள். முதலில் இசக்கி பக்கத்தில் உட்கார்ந்து போனான், பிறகு சுயம்பு. வேல்ராஜ் நன்றாகத்தான் ஓட்டினான். சுயம்பு கால்களை இல்லாத பிரேக்கில் அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

சித்திரையில் ஒரு ஞாயிறு சாயங்காலம் அவன் தனியாகப் போகிறேன் என்றான்.

"எங்கலே?"

"வாஷி பாலம் தாண்டி. போயிட்டுத் திரும்பிருவேன்."

சுயம்பு நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். "அங்க போயி எறங்கணும்னா? சேர டிக்கில வச்சா அத எடுத்துக் குடுக்க ஒரு ஆளு வேணுமே. இசக்கியக் கூட்டிட்டுப் போயேன்."

"எறங்க வேண்டாம்ப்பா. எறங்கி நான் எங்க போவ? போயிட்டு வந்தாப் போதும்."

பிரபாவதி சாவியை எடுத்து மகன் மடியில் வைத்தாள். மூவரும் கீழே போனார்கள். அவன் பலகையை வைத்து நகர்ந்தான். கால்களைத் தூக்கி வைத்தான். பலகையைப் பக்கத்து இருக்கையில் போட்டான். கதவைச் சாத்தினான். எலெக்ட்ரிக் வண்டி கிளம்புகிற சத்தமே கேட்பதில்லை. கேட்டைத் தாண்டி இடதுபக்கம் திரும்பி மறைந்தது.

"வாங்க மேல," என்றாள் பிரபாவதி.

"நீ போ. சேர் இங்க நிக்கில்லா. அவன் வந்தா வேணும்."

அவள் போனாள். சுயம்பு காலி நாற்காலிக்குப் பக்கத்தில் தூணோடு சாய்ந்து நின்றார். போன் செய்யக் கை போனது. ஓட்டுகிறவனைக் கூப்பிடக் கூடாது என்று போனைப் பைக்குள் போட்டார். ஒவ்வொரு வண்டி திரும்பும்போதும் கழுத்து நீண்டது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று நினைத்துப் பார்த்தார். ஆயிரம் தடவை கடந்த பாலம், நினைவுக்கு வரவில்லை. அவன் ஆஸ்பத்திரியில் சொன்னது நினைவுக்கு வந்தது. அதுவும் உதவவில்லை. அன்றைக்கு நினைப்பு வரவில்லை என்றான். இன்றைக்கு வரவில்லை என்று யார் சொன்னது?

இடுப்பு வலி கால்வரை இறங்கியது. கட்டடத்தின் கீழே உட்கார வேறு இடமில்லை. அவர் நாற்காலியின் பிரேக்கைச் சரிபார்த்துவிட்டு அதில் உட்கார்ந்தார். அதில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்க்கும்போது போகிறவர் வருகிறவர்களின் இடுப்பும் கையிலுள்ள பையும்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் லிஃப்டுக்குப் போகும்போது அவரைப் பார்த்துத் திடுக்கிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார் சுயம்பு. வந்தவர் போகாமல் நின்று, குனிந்து, குழந்தையிடம் கேட்பதுபோல் மறுபடியும் கேட்டார்.

விளக்குகள் போடுகிற நேரம் அவர்கள் வண்டி கேட்டுக்குள் திரும்பியது. சத்தமில்லாமல் வந்து அதனிடத்தில் நின்றது. கதவு திறந்தது. வேல்ராஜின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. வழியெல்லாம் அழுதிருக்க வேண்டும். அவன் அப்பாவைப் பார்த்தான், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தான்.

"எந்திரிங்கப்பா. எனக்கு வேணும்."

சுயம்பு எழுந்து நாற்காலியைக் கதவோரம் கொண்டுவந்து சாய்வாக நிறுத்தினார். எங்கே போனாய், எங்கே நிறுத்தினாய், எதற்கு அழுதாய் என்று கேட்கவில்லை. அவன் பலகையை எடுத்துத் தொடைக்கு அடியில் செருகினான். நகர்ந்து வர நேரமாயிற்று. நடுவில் ஒருமுறை கை வழுக்கியது. சுயம்பு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.